பதினேழு மணி நேரம்: கலமசூ ஆற்றில் கொட்டிய எண்ணெயும் குழாய்வழியின் வரவு செலவும்

ஒரு நாளைக்கு 2,40,000 பீப்பாய் (ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர்) கச்சா எண்ணெயை 470 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டேங்கர் லாரி என்றால், லாரிக்கு 200 பீப்பாய் வீதம் தினமும் 1,200 நடை. ரயில் என்றால் வேகனுக்குச் சுமார் 650 பீப்பாய். நூறு வேகன் கோத்த ரயில் தினமும் நான்கு வேண்டும், நான்கும் காலியாகத் திரும்பி வரவும் வேண்டும். குழாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. மண்ணுக்கடியில் கிடக்கும், இரவு பகல் ஓடும், மழையோ பனியோ அதைத் தொடாது. வழியில் சில பம்ப் நிலையங்களும் எங்கோ ஓர் ஊரில் ஒரு கட்டுப்பாட்டு அறையும் போதும்.

உயிர்ச் சேதத்தை வைத்துப் பார்த்தாலும் குழாயின் பக்கமே தட்டு தாழும். 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாண்டிக் ஊருக்குள் 72 எண்ணெய் வேகன்களோடு ஒரு ரயில் ஆளில்லாமல் உருண்டு வந்து தடம்புரண்டு எரிந்ததில் 47 பேர் இறந்தார்கள். ‘குழாயை எதிர்ப்பவர்கள் மாற்றாக எதைச் சொல்கிறார்கள்?’ என்று எண்ணெய்த் துறையினர் கேட்கும்போது இந்த ஊரின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அது சராசரியைப் பற்றிய கேள்வி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற சிற்றூரில் 2010இல் நடந்ததைப் பிரித்துப் பார்த்தால், குழாயின் ஆபத்து சராசரியில் இல்லை என்பது தெரியும். குழாய் உடைந்த நொடிக்கும் பம்ப் நின்ற நொடிக்கும் நடுவில்தான் அது ஒளிந்திருக்கிறது.

குழாய்

என்பிரிட்ஜ் நிறுவனத்தின் லைன் 6பி இந்தியானா மாநிலத்தின் கிரிஃபித்தில் தொடங்கி மிச்சிகனைக் கடந்து கனடாவின் சார்னியாவில் முடிகிறது. நீளம் 293 மைல். தொடக்கத்தில் சொன்ன 470 கிலோமீட்டரும் 2,40,000 பீப்பாயும் இந்தக் குழாயின் கணக்குதான். 1969இல் பதித்தது. குறுக்களவு 30 அங்குலம், சுவர்த் தடிமன் கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்து எண்ணெய்மணலிலிருந்து வரும் கனரக எண்ணெயைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கொண்டுசேர்ப்பது இதன் வேலை. இந்தக் குழாய் இல்லாவிட்டால் அந்த ஆலைகள் தங்கள் எண்ணெயை ரயிலிலோ கப்பலிலோ அதிக விலைக்கு வாங்கியாக வேண்டும்.

எஃகின் மேல் பாலிஎத்திலீன் டேப் சுற்றியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பதிக்கும் இடத்திலேயே இயந்திரம் வைத்து, கட்டுப் போடுவதுபோலச் சுற்றிக்கொண்டே போவார்கள். குழாயின் நீளவாக்கில் ஓடும் பற்றவைப்புத் தையல் சற்றுப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் இரு ஓரத்திலும் டேப் எஃகோடு ஒட்டாமல், கூடாரத் துணிபோல இழுபட்டு நிற்கும். அந்த இடைவெளியில் ஈரம் புகுந்துவிட்டால் வெளியேறாது.

பூச்சு போன இடத்தைக் காப்பதற்கென்றே மண்வழியாகக் குழாய்க்குச் சிறு மின்னோட்டம் செலுத்துவது உண்டு. எதிர்மின்முனைப் பாதுகாப்பு என்பார்கள். பாலிஎத்திலீனோ மின்சாரம் கடத்தாத பொருள். தளர்ந்த டேப் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, காக்க வரும் மின்னோட்டத்தை வெளியிலேயே தடுத்துவிடும். பூச்சே இல்லாத வெறும் எஃகு இதைவிடப் பரவாயில்லை என்றுகூடச் சொல்லலாம். பின்னாளில் வந்த எப்பாக்சி பூச்சு உரிந்துபோனாலும் மின்னோட்டத்தை ஓரளவு உள்ளே விடும். பழைய குழாய்களை மதிப்பிடும்போது வயதைவிட மேற்பூச்சு என்ன வகை என்பதை முதலில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

துரு அரித்த இடத்தில் நுண்விரிசல்கள் தோன்றின. பம்பை ஓட்டும்போதும் நிறுத்தும்போதும், ஒரு வகை எண்ணெய் முடிந்து அடுத்தது வரும்போதும் அழுத்தம் ஏறி இறங்கும். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் விரிசல் மயிரிழை அளவு நீளும். பக்கத்து விரிசல்கள் ஒன்றோடொன்று சேரும். 41 வருடத்தில் அது சுவரின் ஆழத்தில் சுமார் 84 சதவீதத்தைத் தின்றிருந்தது.

இது யார் கண்ணிலும் படாமல் நடந்ததன்று. 2005இல் குழாய்க்குள் செலுத்தும் மீயொலிச் சோதனைக் கருவி இதே துண்டில் ஆறு விரிசல் போன்ற குறைகளைக் காட்டியது. மிக நீளமானது 51.6 அங்குலம். ஆனாலும் தோண்டிப் பார்க்கவில்லை. ஏன்? அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் முடித்த விசாரணையில் இதற்கான விடை இருக்கிறது. விரிசலின் வலுவைக் கணக்கிடும்போது குழாய்ச் சுவர் 0.285 அங்குலம் என்று கருவி காட்டிய தடிமனை எடுத்துக்கொண்டார்கள். வாங்கியபோது குறித்த தடிமன் 0.25. இந்த 0.9 மில்லிமீட்டர் வித்தியாசத்தால், தாங்கும் அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகத் தெரிந்தது. கருவியின் பிழை எல்லையையும் கணக்கில் சேர்க்கவில்லை. துருவைப் பார்த்த சோதனையையும் விரிசலைப் பார்த்த சோதனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவில்லை. துரு சுவரை மெலிய வைத்த இடத்திலேயே விரிசலும் இருக்கிறது என்பதை இரண்டு தாள்களும் தனித்தனியாகச் சொல்லாது.

அறை

2010 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. மார்ஷல் நேரப்படி மாலை 5:58. முன்பே திட்டமிட்டபடி குழாயை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தும் வேலையின் கடைசிக் கட்டத்தில், மார்ஷல் பம்ப் நிலையத்துக்குப் பக்கத்துச் சதுப்பில் குழாய் பிளந்தது. பிளவின் நீளம் 6 அடி 8 அங்குலத்துக்குச் சற்று மேல், அகலம் அதிகபட்சம் 5.3 அங்குலம். அப்போதைய அழுத்தம் 486 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), அனுமதித்த உச்சத்துக்குக் கீழேதான்.

கட்டுப்பாட்டு அறை இருந்தது கனடாவின் எட்மன்டனில். பிளந்த சில நொடிகளில் அங்கே அலாரம் அடித்தது, மார்ஷல் நிலையத்தில் அழுத்தம் சரிந்ததும் திரையில் வந்தது. ஆனால் நிறுத்தும்போது அழுத்தம் சரிவதும் அலாரம் அடிப்பதும் அங்கே அன்றாடம். ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டிய அறிகுறி, நிற்கப்போகும் குழாயின் வழக்கமான சத்தத்தில் கரைந்தது. சிறிது நேரத்தில் ஷிப்ட் மாறியது. முந்தைய ஷிப்ட்டின் அலாரங்கள் முடிந்துபோன விஷயமாகவே அடுத்தவர்கள் கைக்கு வந்தன.

கசிவைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் உள்ளே போன அளவையும் வெளியே வந்த அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கணக்கு உதைத்தால் எச்சரிக்கும். இதில் ஒரு பலவீனம் உண்டு. மேடு பள்ளமான இடத்தில் அழுத்தம் மிகவும் குறைந்தால் எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகி, குழாய்க்குள் வெற்றிடம்போல ஒரு குமிழி உண்டாகும். எண்ணெய்த் தண்டு நடுவில் அறுந்ததுபோல இருக்கும். அப்போது மென்பொருளின் கணக்கை நம்ப முடியாது. மீண்டும் எண்ணெய் தள்ளி அந்த இடத்தை நிரப்பினால் சரியாகிவிடும். அறையில் இருந்தவர்கள் நடப்பது இதுதான் என்று முடிவு செய்தார்கள். குமிழிக்கும் ஓட்டைக்கும் திரையில் ஒரே முகம். மருந்துதான் நேர் எதிர். குமிழி என்றால் பம்பை ஓட்ட வேண்டும், ஓட்டை என்றால் தொடவே கூடாது.

ஓட்டினார்கள். 26ஆம் தேதி அதிகாலை 4 மணி வாக்கில் தொடங்கிச் சுமார் ஒரு மணி நேரம். அழுத்தம் ஏறவில்லை. நிறுத்தினார்கள். காலை 7 மணிக்கு மேல் மறுபடி அரை மணி நேரம். அப்போதும் ஏறவில்லை. இப்படிப்பட்ட நிலை 10 நிமிடத்தில் தீராவிட்டால் குழாயை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற விதியை அந்த நிறுவனமே எழுதி வைத்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பெரிய கசிவுக்குப் பின் எழுதிய விதி அது.

கொட்டிய மொத்தம் 8,43,444 கேலன், சுமார் 32 லட்சம் லிட்டர். அதில் 81 சதவீதம் இந்த இரண்டு மறுதொடக்கத்தில் தள்ளியது. நாளுக்கு 2,40,000 பீப்பாய் ஓடும் குழாய் மணிக்கு 10,000 பீப்பாய் தள்ளும். ஒன்றரை மணி நேரத்துக்கு 15,000. அந்த 81 சதவீதம் என்பது சுமார் 16,000 பீப்பாய். கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. பிளவு அதுவாகக் கொட்டியது ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கும் பம்ப் கொட்டியது.

இதற்கிடையே மார்ஷலில் இரவு ஒன்பதரை மணி முதலே மக்கள் அவசர எண்ணுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். நாற்றம் தாங்கவில்லை என்றார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், சமையல் வாயுக் கசிவைத் தேடினார்கள், ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார்கள். அந்த ஊர் வழியாகக் கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது என்பது தேடியவர்களின் நினைவுக்கே வரவில்லை. மறுநாள் காலை, என்பிரிட்ஜின் வட்டார மேலாளர் ஒருவர் கட்டுப்பாட்டு அறையோடு பேசுகையில், போன் எதுவும் வரவில்லையே, உடைந்திருந்தால் யாராவது முகர்ந்து சொல்லியிருப்பார்களே என்ற பொருளில் சொன்னது பதிவாகியிருக்கிறது. போன் வந்துகொண்டுதான் இருந்தது. இந்த அறைக்கு வரவில்லை, அவ்வளவே.

காலை 11:17க்கு ஒரு வாயு விநியோக நிறுவன ஊழியர், ஓடையில் எண்ணெய் ஓடுகிறது என்று எட்மன்டனுக்குச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வால்வுகளை மூடினார்கள். 17 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இதற்குப் பத்து நாள் முன்புதான் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம், கட்டுப்பாட்டு அறையால் ஏறக்குறைய அந்தக் கணமே செயல்பட முடியும் என்று சாட்சி சொல்லியிருந்தார். பொய் சொன்னார் என்று தோன்றவில்லை. கருவியால் முடியும் என்பதை அறையால் முடியும் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அலாரம் உண்மையிலேயே நொடிகளில்தான் அடித்தது.

ஆறு

குழாயில் ஓடியது வழக்கமான கச்சா எண்ணெய் இல்லை. எண்ணெய்மணலிலிருந்து எடுக்கும் பிடுமன் தார்போலக் கெட்டியானது. அப்படியே ஓடாது. பத்துக்கு மூன்று பங்கு அளவில் இலேசான எண்ணெயைக் கலந்து இளக்கித்தான் ஓட்டுவார்கள். குழாய்க்குள் இருக்கும்வரை இதனால் வித்தியாசம் பெரிதாக இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக் குழு 2013இல் இந்தக் கலவை குழாயை அதிகம் உடைப்பதாகத் தெரியவில்லை என்றது. வெளியே வந்த பிறகு கதை வேறு என்று 2015இல் இன்னொரு குழு சொன்னது. இரண்டும் சரி. விவாதங்களில் அவரவருக்கு வேண்டிய அறிக்கையை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள்.

டால்மட்ஜ் ஓடையில் விழுந்த கலவை கலமசூ ஆற்றைச் சேர்ந்தது. பலத்த மழையில் ஆறு கரை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. இலேசான பகுதி காற்றில் பறந்தது. மக்கள் முகர்ந்தது அதைத்தான், பென்சீனும் அதில் சேர்த்தி. சுமார் 320 பேர் எண்ணெய்ப் புகையால் வரக்கூடிய உபாதைகளைத் தெரிவித்தார்கள். பறக்காமல் தங்கிய பிடுமன் மண்ணோடும் சருகோடும் ஒட்டிக் கனத்து, ஆற்றின் அடியில் போய்ப் படிந்தது.

எண்ணெய் மிதக்கும் என்ற நம்பிக்கையில் உருவானவைதான் கசிவு மீட்புக் கருவிகள் எல்லாம். மிதவைத் தடுப்பு, மேலே மிதப்பதை உறிஞ்சும் இயந்திரம், பஞ்சு. முதலில் வந்த உள்ளூர்க் குழுவிடம் இருந்தவையும் இவைதான், போதிய அளவும் இல்லை. அவற்றையும் ஆற்றில், கீழே வெகுதூரத்தில் போட்டார்கள். முதல் சில மணி நேரத்தில் செய்திருக்க வேண்டியது எளிய வேலை. ஓடை சாலையைக் கடக்கும் மதகில் மண்ணால் அணை கட்டி, அதன் அடிப்பகுதியில் சாய்வாகக் குழாய் செருகினால், தண்ணீர் அடிவழியாகப் போய்விடும், எண்ணெய் மேலே தேங்கி நிற்கும். ஒரு மண்வாரி இயந்திரமும் சில குழாய்களும் போதும். ஓடையில் நிறுத்தினால் ஒரு மதகு, ஆற்றில் நிறுத்துவதென்றால் 60 கிலோமீட்டர்.

ஆற்றடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த முறையை யாரும் கருவி என்று சொல்ல மாட்டார்கள். நீளமான கம்பின் நுனியில் ஒரு தட்டு. படகிலிருந்து அதை அடிச்சேற்றில் குத்திக் கலக்கிவிட்டு, மேலே வண்ணப்படலமும் கறுப்புத் துளியும் எழுகிறதா என்று பார்ப்பார்கள். எவ்வளவு எழுகிறதோ அதற்கேற்ப அந்த இடத்தை அதிகம், நடுத்தரம், குறைவு என்று குறிப்பார்கள். கிலோமீட்டர் கணக்கில், வருடக் கணக்கில் இப்படிக் குத்தினார்கள். சேற்றைக் கிளறியும் நீர் பாய்ச்சியும் எண்ணெயை எழுப்பிப் பிடித்தார்கள். அப்படியும் 2013இல் சுமார் 1,80,000 கேலன் அடியில் இருப்பதாகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டு, சில இடங்களில் ஆற்றைத் தூர்வாரச் சொன்னது. தூர்வாரினால் எண்ணெயோடு ஆற்றின் அடித்தளமே பெயர்ந்து வரும். அங்கு வாழும் சிப்பிக்கும் பூச்சிக்கும் அது இரண்டாவது விபத்து. ஆற்றின் பெரும்பகுதி 2012 கோடை வரை மக்களுக்கு மூடியே கிடந்தது.

பில்

2012இல் விசாரணை முடிந்தபோது செலவு 76.7 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பிறகு நிறுவனத்தின் கணக்கிலேயே 120 கோடிக்கு மேல் போனது. கொட்டிய 20,082 பீப்பாய்க்கு வகுத்தால் பீப்பாய்க்கு 60,000 டாலர். அந்த மாதம் சந்தையில் பீப்பாய் விலை நூறு டாலருக்கும் கீழ். நிறுவனம் வைத்திருந்த காப்பீட்டின் உச்சவரம்பு 65 கோடி.

அபராதத்தின் கதை தனி. குழாய்வழிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பு விதித்தது 37 லட்சம் டாலர். 2016இல் அரசோடு செய்த உடன்பாட்டின் மொத்தம் 17.7 கோடி டாலர். அதில் மார்ஷல் கசிவுக்கான அபராதம் 6.1 கோடி, பாதுகாப்பு மேம்பாட்டுக்குச் செலவிட ஒப்புக்கொண்டது குறைந்தது 11 கோடி.

குழாய்க்குப் பீப்பாய்க்கு 1 டாலர் நிகர லாபம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முழுத் திறனில் ஓடினால் 120 கோடி சேர 5,000 நாள், கிட்டத்தட்ட பதினான்கு வருடம். ஒரே இரவின் பில் அவ்வளவு. இருந்தும் நிறுவனம் திவாலாகவில்லை, குழாயைப் புதிதாக மாற்றி அதே வழியில் இன்றும் எண்ணெய் ஓட்டுகிறது. எனவே பொருளாதாரப் பயனை ஊதிய கற்பனை என்று ஒதுக்க முடியாது. ஆனால் பயனும் சேதமும் ஒரே வீட்டு வாசலில் வந்து நிற்பதில்லை. மலிவான எண்ணெய் ஆலைக்கும் பெட்ரோல் போடுபவருக்கும் நாடெங்கும் சில காசுகளாகப் பிரிந்து போகிறது. கட்டும்போது கிடைக்கும் வேலை ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடுகிறது. வழியிலுள்ள ஊருக்கு நிலையாக வருவது சொத்து வரி. சேதம் மட்டும் பிரியாது, முழுதாக ஒரே ஓடைக்கரையில் இறங்கும். கரையோர வீடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நிறுவனமே விலைக்கு வாங்கிக்கொண்டது. விற்றுப் போனவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது என்று சொல்லலாம், ஊர் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

ஆகவே புதிய குழாய்த் திட்டத்தின் அறிக்கையில் ‘கோடி பீப்பாய்க்கு இத்தனை விபத்து’ என்ற வரியைப் பார்த்தால், அதைத் தாண்டி வேறு எண்களைத் தேட வேண்டும். முழு வேகத்தில் 10 நிமிடம் ஓடினால் எவ்வளவு கொட்டும்? லைன் 6பிக்கு அது சுமார் 1,700 பீப்பாய். இரண்டு வால்வுக்கு நடுவில் நிற்பது எவ்வளவு? 30 அங்குலக் குழாய் கிலோமீட்டருக்கு 2,700 பீப்பாய்க்கு மேல் பிடிக்கும். வால்வை மூடிய பிறகும் சரிவுக்கேற்ப அதில் ஒரு பங்கு வடியத்தான் செய்யும். எனவே வால்வு எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்பதைவிட ஆற்றின் எந்தப் பக்கம், எந்தச் சரிவில் என்பது முக்கியம். அலாரம் அடித்தால் பம்பை நிறுத்த யாருடைய அனுமதி வேண்டும், நிறுத்திய குழாயை மறுபடி ஓட்ட யாருடைய அனுமதி வேண்டும்? மார்ஷலில் ஓட்டுவது நிறுத்துவதைவிட எளிதாக இருந்தது. என்ன எண்ணெய், அது மூழ்குமா? மீட்புக் குழு எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது? உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தின் சுவரில் இந்தக் குழாயின் வரைபடம் மாட்டியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கான செலவு ஒரு தாளும் நான்கு ஆணியும்.

இதே மிச்சிகனில் இதே நிறுவனத்தின் லைன் 5 மாக்கினா நீரிணையின் அடியில் 1953 முதல் கிடக்கிறது. நாளுக்குச் சுமார் 5,40,000 பீப்பாய். 2018 ஏப்ரலில் ஒரு கப்பலின் நங்கூரம் அதில் உரசிச் சென்றது, உடையவில்லை. அதில் ஓடுவது இலேசான எண்ணெயும் திரவ வாயுவும் என்பதால் மூழ்கும் கவலை குறைவு. ஆனால் அங்கே மதகும் இல்லை, மண்வாரி நிற்கக் கரையும் இல்லை, குளிர்காலத்தில் மேலே பனிப்பாளம். ஒரே நிறுவனம், ஒரே மாநிலம் என்பதற்காக மார்ஷலின் பாடத்தை அப்படியே அங்கே ஒட்ட முடியாது.

லைன் 6பியை 2012 முதல் 2014 வரை முழுதாக மாற்றினார்கள். இப்போது அதன் பெயர் லைன் 78. மார்ஷல் வழியாகப் போகும் பகுதி 36 அங்குலம், புதுக் குழாய், புதுப் பூச்சு. திறன் நாளுக்கு 5,00,000 பீப்பாய். பழைய டேப்பின் ஆபத்து அதோடு ஒழிந்தது. ஆனால் முன்பு 10 நிமிடத்தில் 1,700 பீப்பாய் தள்ளிய இடத்தில் இது முழுத் திறனில் சுமார் 3,500 தள்ளும்.